வெண்புள்ளி நோய்: மீன் தொட்டி வைப்போருக்கு முழுமையான வழிகாட்டி

புது மீனை வாங்கி விட்ட சில நாளில், தொட்டியில் இருக்கும் மீன்களின் துடுப்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் வெண்புள்ளி நோய்தான். கடைகளில் 'இக்' என்பார்கள். ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. உடனே கவனித்தால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடலாம்.

நோய் இதுதானா?

புள்ளி தெரிவதற்கு முன்பே மீனின் போக்கு மாறும். கல்லிலும் குழாயிலும் உடலை உரசும், துடுப்பை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும், செவுள் வேகமாக அடிக்கும். புள்ளி ஒவ்வொன்றும் சற்றே மேடாக, அதிகம் போனால் 1 மி.மீ. இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பொன்னிறத் தூள் படிந்து தெரிந்தால், அது வெல்வெட் என்ற வேறு நோய். தோலிலிருந்து நூலாகத் தொங்கினால் நங்கூரப் புழு.

ஆண் கோல்டுஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் புள்ளிகள் இருந்தால் மருந்தைத் தொடவே வேண்டாம். அவை இனப்பெருக்கப் பருவத்தில் வரும் இயல்பான முளைகள்.

மருந்து எப்போது வேலை செய்யும்?

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. நீரில் ஊற்றும் மருந்து அதை எட்டாது. வளர்ந்ததும் உதிர்ந்து, சரளையிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாளில்தான் மருந்தால் அவற்றைக் கொல்ல முடியும். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால், அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாக வருவது இதனால்தான்.

முதல் நாள்

புள்ளி உள்ள மீனை மட்டும் பிரித்துப் பயனில்லை; தொட்டி முழுவதுக்கும் சிகிச்சை தேவை. சரளையின் அடியழுக்கை உறிஞ்சியபடி மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை இழுத்துக்கொள்ளும்.

சூடும் உப்பும்

ஹீட்டரை ஒரேயடியாக ஏற்றாமல், சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரியாக 30 வரை கொண்டுபோங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும்.

லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு போதும். 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம். தனி வாளியில் கரைத்து, ஒரு நாளில் மூன்று தடவையாக ஊற்றுங்கள். ஆவியாகிக் குறைந்த நீரை நிரப்பும்போது மறுபடி உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை. செடிகள் சில இதைத் தாங்காது.

மருந்து

இரண்டு மூன்று நாளில் புள்ளி கூடிக்கொண்டே போனால் மாலகைட் கிரீன் கலந்த மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கொடுங்கள். கையுறை கட்டாயம். லோச், கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவு. மெத்திலின் புளூவைத் தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள்; ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும்.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். பிறகு சிறிது சிறிதாக நீரை மாற்றி உப்பைக் குறைத்து, கார்பனைத் திரும்ப வையுங்கள்.

அடுத்த மீன் வாங்கும்போது

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும், பை நீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். புது மீன் குறைந்தது இரண்டு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு இருக்கட்டும்.