வேலை வீட்டுக்கு வந்தது, பாலிசியும் வந்ததா?

கரமனையிலும் வலியசாலையிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று ஓர் அறை அலுவலகமாகி விட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற முறை அதன்பின் பலருக்கும் பழகிவிட்டது. வேலை இடம் மாறியபோது இன்ஷூரன்ஸும் கூடவே இடம் மாறியதா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

ரயில்வேயில் எந்தக் கிலோமீட்டர் முதல் எந்தக் கிலோமீட்டர் வரை யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கும். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். எந்தப் பொருள், எந்த விலாசத்தில், எந்த உபயோகத்துக்கு என்று பாலிசியில் எழுதியிருக்கிறதோ அதற்கே பாதுகாப்பு உண்டு.

முதலில் பொருளைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டு பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு இதில் ஈடு கிடைக்கும். ஆனால் வீட்டுச் சாமான் என்று அது சொல்வது குடும்ப உபயோகத்துக்கான பொருள்களை. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் நமது சொத்தே அல்ல. கம்பெனியின் தீ பாலிசியிலோ அலுவலக விலாசம் மட்டுமே இருக்கக்கூடும். அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு பாலிசிக்கும் வெளியே நிற்கிறது. 2023 அக்டோபர் மழையில் திருவனந்தபுரத்தின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்தது மின்சாரம். துலாவர்ஷ மாதங்களில் இடியும் மின்னலும் இங்கே வழக்கம். ஷார்ட் சர்க்யூட் முதலிய மின் கோளாறால் ஒரு கருவிக்கே நேரும் சேதத்தை, அது மின்னலால் வந்ததாயினும், வழக்கமான தீ பாலிசி விலக்கி வைக்கிறது. இதற்கென்றே எலக்ட்ரானிக் கருவி இன்ஷூரன்ஸ் தனியாக உண்டு. வெளியே எடுத்துச் செல்லும் கருவி என்றால் அதையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். தொகையை, அதே தரமுள்ள புதுக் கருவியின் இன்றைய விலைக்கு எழுதுவதே முறை. 80,000 ரூபாய்க் கருவியை 40,000-க்கு எழுதினால், 20,000 ரூபாய் பழுதுக்குப் பாதியே கிடைக்கும்.

மூன்றாவது, வேலை செய்பவரின் உடம்பு. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் அடிப்படை. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே கைக்கொள்கிறது. வீட்டில் எது வேலை நேரம், எது சொந்த நேரம்? ஜெர்மனியில் ஒருவர் காலையில் படுக்கையறையிலிருந்து வீட்டு அலுவலகத்துக்கு இறங்கும்போது படியில் விழுந்தார். அது வேலை விபத்தே என்று 2021 டிசம்பரில் அந்நாட்டின் உயர்நிலைச் சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் இத்தகைய தகராறைத் தவிர்க்க, வேலை நேரத்தையும் வேலை செய்யும் இடத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வைப்பது நல்லது.

சொந்தமாகச் சிறு தொழில் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரையுள்ள சொத்துக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி உண்டு. கணக்கு எழுதுபவர் தன் வீட்டிலிருந்து உங்கள் கருவியில் வேலை செய்கிறார் என்றால், அந்த வீட்டு விலாசத்தையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் விவரங்கள் அந்தக் கருவியில் இருந்தால், தகவல் திருட்டுக்கான சைபர் இன்ஷூரன்ஸ் பற்றியும் விசாரியுங்கள்.

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் பேரில் அமைவது. வீட்டில் தொழில் நடப்பதை மறைத்தால் நஷ்டஈடு கேட்கும்போது சிக்கல் வரும். ஏஜெண்ட் வாயால் சொல்வது போதாது. கம்பெனிக்குக் கடிதம் எழுதி, மாற்றத்தைப் பாலிசியிலேயே பதிவு செய்து வாங்க வேண்டும்.

ஆகவே இந்த வாரமே உங்கள் மகனிடமோ மருமகளிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். கம்ப்யூட்டர் யாருடையது? அது கெட்டால் யார் கட்டவேண்டும்? கம்பெனி பாலிசியில் நம் வீடு அடங்குமா? பதிலைக் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கி, வீட்டு பாலிசியுடன் ஒரே கோப்பில் வையுங்கள்.