புரதத்துக்குள் ஒரு நீல விளக்கு

வல்லார்பாடம் தீவிலிருந்து கோஸ்ரீ பாலங்களைத் தாண்டினால் எர்ணாகுளம், ஜி.என். ராமச்சந்திரன் 1922-இல் பிறந்த ஊர். புரதச் சங்கிலியின் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் திரும்புவதற்கு எவ்வளவு குறைந்த இடமே இருக்கிறது என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி வரைபடமாகவே காட்டியவர். அப்படி நெருங்கி மடங்கிய சின்னப் புரதத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, அதன் முதுகில் 238 அமினோ அமிலம் கொண்ட பச்சை ஒளிர்புரதத்தை ஏற்றிவிட்டு, அது பழையபடியே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கலாமா? ஒற்றை அமினோ அமிலத்தை ஒளிரவைப்பதே மேல் என்பது என் கட்சி.

அதற்கு 4-சயனோடிரிப்டோபானை எடுத்துக்கொள்வோம். டிரிப்டோபானில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு கார்பனும் நைட்ரஜனும்; வேறு மாற்றமில்லை. சாதாரண டிரிப்டோபானுக்கு 280 நானோமீட்டர் ஒளி வேண்டும், அது செல்லுக்கு ஆகாது. இதுவோ 325-ஐ ஒட்டி வாங்கி, 420-ஐ ஒட்டி நீலமாக ஒளிரும்.

இதைத் தயாரிக்கத் தேவையான 4-சயனோஇன்டோல் விலைக்கே கிடைக்கும். கொஞ்சம் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து, பி.எச். 8 அளவிலான பாஸ்பேட் பஃபரில் எல்-செரீனுடன் சேருங்கள். இரண்டையும் இணைப்பது டிரிப்-பி நொதி. சூடான கடலடி வண்டலில் வாழும் தெர்மோடோகா மாரிட்டிமா என்ற பாக்டீரியாவின் நொதியை ஃபிரான்சிஸ் ஆர்னால்டின் ஆய்வகம் இந்த வேலைக்கென்றே திருத்தி, 2018-இல் வெளியிட்டது. நொதிக் கரைசல் இளமஞ்சளாகத் தெரியவேண்டும். உள்ளே அமர்ந்திருக்கும் வைட்டமின் பி6 வகையான பி.எல்.பி.யின் நிறம் அது. வெளிறியிருந்தால் பி.எல்.பி. சேர்த்த பிறகே தொடங்குங்கள். 55 டிகிரி செல்சியஸ் அளவில் ஓர் இரவு விட்டுவிடலாம். எல், டி என்ற கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் கலந்து வரும் தலைவலி இந்த வழியில் இல்லை. சி18 குரோமட்டோகிராபியில் சுத்தம் செய்து, மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 230 வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து செல். இதைச் செருக, புரதத்தில் ஏற்கெனவே டிரிப்டோபான் இருக்கும் இடம் பாதுகாப்பானது. மரபணுவில் அந்த இடத்துக்கான கோடானை, ‘நிறுத்து’ என்று பொருள்படும் டிஏஜி ஆக மாற்றுங்கள். கூடவே, நம் அமினோ அமிலத்தை மட்டும் அங்கே சேர்க்கும் டிஆர்என்ஏ–சிந்தடேஸ் ஜோடியையும் பிளாஸ்மிட் வழியாக உள்ளே அனுப்புங்கள். நம் அமினோ அமிலம் போடாத வளர்ப்பு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலும் முழுநீளப் புரதம் வந்தால் ஜோடி ஏமாற்றுகிறது.

படம் எடுக்குமுன் செல்களைப் பஃபரில் நன்றாகக் கழுவுங்கள். சேராமல் மிதக்கும் அமினோ அமிலமும் ஒளிரும். செல்லிலேயே இருக்கும் என்ஏடிஎச்சும் நீலமாகத்தான் ஒளிரும், பலர் ஏமாறுவது இங்கேதான். ஆனால் அதன் ஒளிர்வு சில நானோநொடிக்குள் அடங்கிவிடும். 4-சயனோடிரிப்டோபான் நீரில் 13.7 நானோநொடி நிற்கும். அதனால் வெறும் பிரகாசத்தை மட்டும் பார்க்காமல், ஒளிர்வு ஆயுளையும் அளக்கும் நுண்ணோக்கியில் நேரம் கேட்டு வாங்குங்கள்.