வண்டலூர் கார்த் தொழிற்சாலையின் கதை

நெசவும் நெல்லும் பேசும் நமது பத்திரிகையில் மோட்டார்க் கார் எதற்கு என அங்கத்தினர்கள் வினவலாம். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது நமக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இக்கதையே.

சென்னையை அடுத்த வண்டலூரில் கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவுடன் 1948-இல் தோன்றியது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைக் கொண்டு வான்கார்டு கார்களைப் பூட்டினர். 1961-இல் ஹெரால்டு வந்தது. ஆங்கிலேயரின் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். நம்மவர்கள் பின்னர் நான்கு கதவுகள் வைத்தார்கள். இதனை நாம் சிறிய சாதனையாகக் கருதவில்லை. 1972-இல் கெஸல் வந்தது.

லைசென்ஸ் முறை நிலவிய அந்நாளில் நாடு முழுவதற்கும் கார் செய்த கம்பெனிகள் மூன்றே. போட்டி குறைவு, வாங்குவோர் காத்திருந்தனர். எஞ்சினைப் புதுப்பிக்க வேண்டிய காலம் அதுவே என்பது நம் கருத்து. 1983-இல் மாருதி சிறிய கார்களுடன் சந்தைக்கு வந்துவிட்டது. 1985-இல் இவர்கள் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டனர். கூடு இங்கிலாந்தின் ரோவர் காருடையது. உள்ளே பழைய வான்கார்டு வழிவந்த எஞ்சின்! நைந்த பாவில் புதுச் சரிகை ஓட்டினாற்போல் ஆயிற்று. விலையோ அதிகம், பெட்ரோலும் மிகுதியாகக் குடித்தது. அந்த ரோவரை இங்கிலாந்தே 1986-இல் கைவிட்டது. வண்டலூரில் 1988-இல் கார் உற்பத்தி நின்றது.