விவாகரத்து சம்மன் வந்தால்: வக்கீல் வைப்பதா, நாமே பதில் போடுவதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கே குடியிருந்தாலும், வழக்கு சென்னையில் போடப்பட்டிருந்தால் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நல நீதிமன்றம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போவதற்கு முன் சம்மனை நிதானமாகப் படியுங்கள். ஓ.பி. எண், முதன்மை நீதிமன்றமா கூடுதல் நீதிமன்றமா என்ற விவரம், ஆஜராக வேண்டிய தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்கும். கூடவே மனுவின் நகல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாய்தாவிலேயே நீதிபதியிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் இல்லாமல் போகலாமா? தாராளமாகப் போகலாம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டமே அந்த எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். அதன் 13-ஆவது பிரிவின்படி, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை எந்தத் தரப்பும் உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் அனுமதி மனுப் போட்டு இரண்டு பக்கமும் வக்கீல் நிற்பது சகஜமாகிவிட்டது. ஆனாலும் தனியாக நிற்பவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

உங்கள் முன் இருக்கும் வழிகளில் மிக மோசமானது, எதுவும் செய்யாமல் இருப்பது. கோபத்தில் சம்மனை வாங்க மறுப்பவர்கள் உண்டு. போகாவிட்டால் வழக்கு நகராது என்று நம்புபவர்களும் உண்டு. வழக்கு நகரும். எதிர்மனுதாரர் வரவில்லை என்று பதிவு செய்து, எக்ஸ்பார்ட்டி ஆக்கி, மனுதாரரின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். தீர்ப்புக்கு முன்பே விழித்துக்கொண்டால் தகுந்த காரணம் சொல்லி உள்ளே வரலாம். தீர்ப்பு வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கோரும் மனுவை 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மன் முறையாகச் சேராதவருக்கு அந்த 30 நாள், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும். காலம் கடத்தினால் மேல்முறையீட்டுக் கெடு முடிந்து மனுதாரர் மறுமணமே செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு போராடுவது மிகக் கடினம்.

நாமே பதில் போடுவது அடுத்த வழி. இதற்கு எதிருரை என்று பெயர். கோர்ட்டில் எல்லோரும் கவுன்டர் என்றுதான் சொல்வார்கள். உரிமையியல் விதிப்படி சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிப்பு கிடைக்கும். தமிழகக் கீழமை நீதிமன்றங்களில் தமிழும் நீதிமன்ற மொழி என்பதால் தமிழிலேயே எழுதலாம். மனுவில் எத்தனை பத்தி இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகப் பதில் இருக்க வேண்டும். மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகிவிடும். மொத்தமாக “எல்லாம் பொய்” என்று எழுதுவதும் மறுப்பாக நிற்காது.

உதாரணத்துக்கு, 4-ஆவது பத்தியில் “2022 தீபாவளிக்குப் பிறகு என்னைக் கைவிட்டுப் போய்விட்டார்” என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுத வேண்டியது: “4-ஆவது பத்தியில் கூறியிருப்பது உண்மையல்ல. நான் பிரசவத்துக்காக என் தாய் வீட்டுக்குச் சென்றேன். 2023 மார்ச் மாதம் வரை மனுதாரர் அங்கே வந்து போனார். திரும்பி அழைத்துக்கொள்ளும்படி நான் அனுப்பிய செய்திகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.” இதில் தேதி, காரணம், சான்று மூன்றும் இருக்கின்றன. மாமியார் என்ன பேசினார், நாத்தனார் எப்படிப் பார்த்தார் என்பதெல்லாம் மனதை அறுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்திக்கு அது பதில் அல்ல. இந்து திருமணச் சட்டத்தில் கைவிடுதல் என்பதற்கு மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். தேதிகளைச் சரியாக வைத்தாலே சில வழக்குகளின் அடித்தளம் ஆடிவிடும்.

எதிருரையில் மறுப்பதோடு நிற்க வேண்டியதில்லை. அதே வழக்கில் நீங்களும் எதிர்ப் பரிகாரம் கேட்கலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 23-ஏ பிரிவு. வருமானம் இல்லாதவர், மனைவியோ கணவனோ, 24-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கோரலாம். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஜீவனாம்சக் கோரிக்கை வந்தால் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பளத்தை மறைக்காதீர்கள், வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்று போதும், மொத்த நம்பகத்தன்மையும் போய்விடும்.

தனியாக நிற்பதன் எல்லை சாட்சி விசாரணையில் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். நீங்கள் உங்கள் துணையைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும். பத்து வருடம் கூட வாழ்ந்தவரைக் கூண்டில் வைத்து உணர்ச்சி கலக்காமல் கேள்வி கேட்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. சான்றுகளிலும் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2023-இன் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். துணைக்குத் தெரியாமல் எடுத்த பதிவு செல்லுமா என்பதில் தீர்ப்புகள் மாறியிருக்கின்றன. மனைவியின் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுத்ததை ஏற்க முடியாது என்றது 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த தம்பதியரின் தொலைபேசி உரையாடலைச் சான்றாக ஏற்கலாம் என்றது. இந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

அதனால்தான் இலவச சட்ட உதவியை நான் அழுத்திச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், அரசுச் செலவில் வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வரும் ஆண்கள் ஆகியோருக்கும் அந்த உரிமை உண்டு. இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்ற பயம் நம் நடுத்தர வர்க்கத்தில் ஆழமாக இருக்கிறது. கிடைத்த வக்கீல் அக்கறை காட்டவில்லை என்றால் மாற்றித் தரும்படி ஆணைக்குழுவிடமே விண்ணப்பிக்கலாம்.

சமரசம் இன்னொரு பாதை. இந்தியாவிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. குடும்ப நல நீதிமன்றத்துக்கும் சேர்த்துவைக்க முயல வேண்டிய கடமை உள்ளது என்பதால், கவுன்சலிங் என்று அனுப்பினால் அலட்சியம் செய்யாதீர்கள். சேர்ந்து வாழ முடியாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டால், இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி பரஸ்பர சம்மத விவாகரத்தாக வழக்கை மாற்றிக்கொள்ளலாம். ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; முதல் மனுவுக்கும் இறுதிக்கும் இடையே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. ஆனால் தொகை, நகை, குழந்தை யாரிடம், பார்க்கும் நாள் எது என்பது எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆக, யாருக்கு எது? குழந்தையும் சொத்துத் தகராறும் இல்லாமல், பிரிவதில் இருவருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் நீங்களே போய் முடித்துவிடலாம். நீங்கள் பிரிய விரும்பாமல், குற்றச்சாட்டை மறுக்க வேண்டியிருந்தால் எதிருரையை நீங்களே எழுதி, தாக்கலுக்கு முன் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். குழந்தையின் பொறுப்பு, அடுக்குமாடி வீட்டின் பங்கு, காவல் நிலையப் புகார் இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாக நிற்காதீர்கள். பணம் இல்லாவிட்டால் சட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள். தமிழகத்தின் வேறு ஊரில் வழக்கு போடப்பட்டு அலைய முடியாத பெண்கள், சென்னைக்கு மாற்றித் தரக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சம்மனில் உள்ள முதல் தேதிக்கு நேரில் போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று, பதில் போட அவகாசம் கேளுங்கள். அதற்கு முன் சட்ட உதவி வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணுக்கு இன்றே பேசுங்கள்.