கம்பளியில் ஏறிய சாயம்

செய்யார்

அன்புள்ள பேத்திக்கு,

சிப்காட் வேலைக்கு நீ எழுதிய விண்ணப்பத்தைத் தாத்தா படித்தார். ஆங்கிலம் சரளமாக இருக்கிறது. ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு. உன்னை 'டைட்-இன்-த-வூல்', அதாவது 'ரோமத்திலேயே சாயம் ஏறிய' உழைப்பாளி என்று எழுதியிருக்கிறாய்.

இங்கிலாந்தில் ஆட்டு ரோமத்தை நூலாகத் திரிப்பதற்கு முன்பே சாயத்தில் முக்குவது உண்டு. ஒவ்வொரு இழையிலும் நிறம் ஊறிவிடுவதால் துணி எளிதில் வெளுக்காது. சின்ன வயதில் படிந்த குணம் பிறகு நிறம் மாறாது என்பதற்கு, ரிச்சர்ட் ஹூக்கர் என்ற பாதிரியார் 1597-லேயே இந்த ரோமத்தைத்தான் உவமையாக்கினார். நம் ஊரில் தொட்டில் பழக்கம் என்று சொல்வதும் அதைத்தானே!

ஆரணியில் பெரியப்பா தறியைப் பார்த்து வளர்ந்த உனக்கு இது சுலபமாகப் பிடிபடும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. அதை வேகவைத்து நீக்கிய பிறகுதான் நூல் சாயத்தைக் குடிக்கும். இங்கே சாயம் ஏறுவது நூலில். அவர்களுக்கு அதற்கும் ஒரு படி முன்னால். இரண்டிலும் தறிக்குப் போவதற்குள் நிறம் முடிவாகிவிடுகிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று சாயமேற்றி வைத்திருப்பதால்தான் மயில்கழுத்துச் சேலை அசையும்போது நீலமும் பச்சையுமாக மின்னுகிறது. நெய்து முடித்த சேலையைத் தொட்டியில் முக்கினால் அந்த ஜாலம் வராது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் இந்தத் தொடரைப் பெரும்பாலும் கொள்கையிலோ விசுவாசத்திலோ ஊறிப்போனவருக்குச் சொல்வார்கள். எந்தத் தேர்தல் வந்தாலும் ஒரே சின்னத்தில் குத்துகிறவர், பழைய வழக்கத்தைக் கடுகளவும் விடாதவர் எல்லாம் அதில் அடக்கம். வசை என்று சொல்ல முடியாது. ஆனால் 'இவர் இனி மாறமாட்டார்' என்ற வாடை அதில் எப்போதும் உண்டு.

புது இயந்திரம், புது ஷிஃப்ட், புது மேலாளர் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் அந்த வாடை உனக்கு எதற்கு? விடுமுறையில் பெரியப்பா வீட்டில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தாயே, அதை எழுது. ஒரு இழை தப்பினாலும் சேலையில் தெரிந்துவிடும் வேலை அது. தேர்வாளருக்கு உன் பொறுமை புரியும். எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி போதும். எழுதியதும் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
தாத்தா