சிறிய டீசல் கார் அருகியது ஏன்?

திருவிடைமருதூர்ப் பக்கத்து வயல்களில் டீசல் எஞ்சின் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பின் டீசல் எப்படித் தீப்பற்றுகிறது?

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துப் பத்து முறை அடியுங்கள். அடிப்பகுதி சூடாகும். காற்றை அழுத்தினால் வெப்பம் பிறக்கும் என்பதே காரணம். எஞ்சினில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இந்த மிகுந்த அழுத்தமே டீசல் காரின் சிக்கனத்துக்கு முக்கியக் காரணம்.

ஆனால், எரியும்போது எழும் கடும் வெப்பம் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகிறது. காற்றோடு நன்கு கலவாத டீசல் அரைகுறையாக எரிந்து கரித்துகளாகிறது. இரண்டும் நுரையீரலுக்குப் பகை.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் 'பாரத் நிலை 6' விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. துகள்களின் அளவு 25-இலிருந்து 4.5 ஆயிற்று. இதற்கு வடிகட்டியும் வினையூக்கிக் கருவியும் வேண்டும். பெரிய காரின் விலையில் அச்செலவு அடங்கிவிடும். சிறிய காருக்கோ அது பெருஞ்சுமை. மாருதி சுசுகி நிறுவனம் அப்போது டீசல் கார்களையே கைவிட்டது.

எரிபொருளும் மிச்சமாக வேண்டும், காற்றும் தூயதாக இருக்க வேண்டும். நாளைய பொறியாளர்களே, வழி என்ன? சிந்தியுங்கள்!