மூளையின் இழை தேடி

1906ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் இத்தாலியைச் சேர்ந்த கமிலோ கோல்கி. மற்றவர் ஸ்பெயினைச் சேர்ந்த சாந்தியாகோ ரமோன் இ கஹால். பரிசு ஒன்று, கருத்தோ இரண்டு. மூளை முழுவதும் அறுபடாமல் ஓடும் ஒரே வலை என்றார் கோல்கி. நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தனி. அவை நெருங்கி நிற்கின்றனவேயன்றி ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை என்றார் கஹால். கோல்கி கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையைக் கொண்டே கஹால் இம்முடிவுக்கு வந்தார் என்பது வரலாற்றின் சுவையான முரண்.

இருவரும் கண்ணால் கண்டு தீர்த்துக்கொள்ள இயலாத வழக்கு அது. நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் என்னும் இணைவிடத்தின் இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியோ, 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை ஒன்றாகவே காட்டும். 1930களில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். 1950களில் அக்கருவியின்வழி அந்த இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. கஹால் கூறியதே உண்மை. ஆயினும் அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

இணைவிடத்தைக் காண்பது வேறு. எந்த இழை எங்கிருந்து எங்குச் செல்கிறது என்று அறிவது வேறு. திரித்த கயிறு ஒன்றை வில்லை வில்லையாக நறுக்கினால், ஒவ்வொரு வில்லையிலும் இழைகள் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளியை அடுத்தடுத்த வில்லைகளில் தேடிக்கொண்டே சென்றால் அந்த இழையின் வழி புலப்படும். மூளையை முப்பரிமாணத்தில் வரைவதும் இவ்வாறே. திசுவில் ஆஸ்மியம் என்னும் கன உலோகத்தை ஏற்றி, பிசினில் இறுகச் செய்து, வைரக் கத்தியால் சீவுகின்றனர். ஒரு சீவலின் தடிமன் சுமார் 50 நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நரம்பிழைகள் சில 100 நானோமீட்டரினும் மெலியவை. ஆகவே, தொடர்ந்து சில சீவல்கள் கிழிந்தோ மடிந்தோ போனால் இழை அறுந்துவிடும். அப்பால் தெரியும் புள்ளிகளுள் தேடிவந்தது எது என்று சொல்ல இயலாது.

இப்பணியை ஓர் உயிரி முழுமைக்கும் செய்து பார்க்கத் துணிந்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர். அவர் தேர்ந்தெடுத்தது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு. அதன் நரம்பணுக்கள் 302 மட்டுமே. நிக்கோல் தாம்சன் சீவல்களை வெட்டினார். ஐலீன் சவுத்கேட் ஆயிரக்கணக்கான படங்களில் இழைகளைக் கையாலேயே குறித்துத் தொடர்ந்தார். ஜான் வைட் அவற்றைச் சுற்றுகளாகப் பொருத்திக் கண்டார். பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பின் பயனாக, 1986இல் 340 பக்கக் கட்டுரை வெளிவந்தது. கத்தி பிடித்தவர், கோடு தொடர்ந்தவர் பெயர்களும் அதன் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றன, அது முறையும்கூட.

வரைபடம் உடனே பயன் தந்தது. அப்புழுவின் தலைப்பக்கத்தை மெல்லத் தொட்டால் அது பின்வாங்கும். வாற்பக்கத்தைத் தொட்டால் முன்னோக்கி நகரும். இச்செயலுக்குரிய பாதையை வரைபடத்தில் கண்ட மார்ட்டின் சால்ஃபியும் உடன் பணியாற்றியோரும், பாதையிலுள்ள நரம்பணுக்களை ஒவ்வொன்றாக லேசர் கதிரால் அழித்துப் பார்த்தனர். குறிப்பிட்ட சில நரம்பணுக்கள் அழிந்ததும், தலைப்பக்கம் தொட்டபோது புழு பின்வாங்கவில்லை.

பின்னர் கருவிகள் மாறின. 2004இல் வின்ஃபிரீட் டெங்க், நுண்ணோக்கிக்கு உள்ளேயே கத்தியைப் பொருத்தினார். சீவலைப் படமெடுக்காமல், சீவியபின் எஞ்சும் கட்டியின் முகத்தைப் படமெடுத்ததால் மடிப்பு, கிழிசல் என்னும் தொல்லை பெரிதும் நீங்கியது. இழை தொடரும் வேலையைக் கணினி ஏற்றது; அதன் பிழைகளை மனிதர் திருத்தினர். 2024இல் பழ ஈயின் முழு மூளையும் வரையப்பட்டது: 1,39,255 நரம்பணுக்கள், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைவிடங்கள். அவ்வாண்டிலேயே, மனித மூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டர் துண்டின் வரைபடமும் வெளியானது. அத்துண்டின் தரவு மட்டும் 1,400 டெராபைட். முழு மூளையோ அதனைப்போல் பத்து லட்சம் மடங்கினும் பெரியது.

எனினும், 302 நரம்பணுக்களின் இணைப்பு தெரிந்தும், அப்புழு அடுத்து என்ன செய்யும் என்று வரைபடத்தை மட்டும் கொண்டு முழுமையாகக் கணிக்க இன்றளவும் இயலவில்லை. இணைப்பு எவ்வளவு வலியது, அது அடுத்த அணுவைத் தூண்டுமா அடக்குமா என்பதைப் படம் எப்போதும் நேராகச் சொல்வதில்லை. இணைவிடத்தைக் கடந்து பரவும் வேதிப்பொருள்களுக்குப் படத்தில் கோடே இல்லை. மேலும், சீவப்படுவது உயிரற்ற திசு. இக்குறையை ஈடுசெய்ய, அமெரிக்க அறிவியலாளர் வேறொரு வழியை மேற்கொண்டனர். உயிருள்ள சுண்டெலி ஒன்று ஒளிக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அதன் பார்வைப் புறணியில் பல்லாயிரம் நரம்பணுக்களின் இயக்கத்தை முதலில் பதிவு செய்தனர். பின்னர், அதே பகுதியை ஏறத்தாழ 28,000 சீவல்களாக்கிப் படமெடுத்தனர். எந்த அணு எப்போது இயங்கியது என்னும் பதிவும், அது எதனோடு இணைந்திருந்தது என்னும் வரைபடமும் ஒரே துண்டிலிருந்து கிடைத்தன. 2025இல் வெளியான அத்தரவை ஆய்வாளர் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.